சளி பிடிக்காத குழந்தை

நார்வேயிலிருந்து வந்திருந்த தம்பதியிடம் டாக்டர் நஸ்ரின் நல்ல செய்திகளை முதலில் சொன்னாள். எச்.ஐ.வி. இல்லை. கல்லீரலைத் தின்னும் கிருமிகள் இரண்டும் இல்லை. மேகநோய் இல்லை. வயிற்றில் புழு இருக்கிறது, ஒரு மாத்திரையில் போய்விடும்.

"ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு," என்றாள். "காசநோய்க் கிருமி. நோயா வரல. உள்ள தூங்கிட்டிருக்கு."

தர்மினி மடியில் இருந்த குழந்தையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அமுதினிக்கு நான்கு வயது. இந்தப் பத்து நாளில் தர்மினியை அம்மா என்று கூப்பிடப் பழகியிருந்தாள். தொண்டை பார்ப்பதற்காக மேசைமேல் வைத்திருந்த மரக்குச்சிகளை ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"டொக்டர், அது சுகமாகுமோ?" என்று கேட்டான் கேதீஸ்வரன். யாழ்ப்பாணத்திலிருந்து சின்ன வயதில் பெற்றோரோடு பெர்கனுக்குப் போனவன். அங்கே கப்பல் பட்டறை ஒன்றில் வேலை.

"கண்டிப்பா ஆகும். ஆறு மாசம் மருந்து சாப்பிடணும்."

"அப்ப பயணத்துக்குத் தடை இல்லைத்தானே?"

"கிருமி எங்கேருந்து வந்ததுன்னு பாக்கணும். இந்த வயசுல இது தானா வராது. கூடவே இருந்த பெரியவங்க யாரோ இருமியிருக்கணும். அவங்க யாருன்னு தெரிஞ்சாத்தான் எந்த மருந்து கேக்கும்னு தெரியும். அவ வளந்த இல்லத்துல மத்த பிள்ளைங்களும் இருக்காங்க இல்லையா?"

"எத்தினை நாள் எடுக்கும்?" தர்மினி கேட்டாள். "ஆறு வருசமா நாங்கள் இதுக்குத்தான் காத்துக்கொண்டு இருக்கிறம். ஃபிளைட் வாற வெள்ளிக்கிழமை."

"ரெண்டு நாள்ல சொல்லிடுறேன்."

அமுதினி தலையைத் தூக்கி, "ப்ளேன்ல சன்னல் இருக்குமா?" என்று கேட்டாள். இருக்கும் என்று மூன்று பேரும் ஒரே சமயத்தில் சொன்னார்கள்.

நஸ்ரின் வேலை பார்த்த மையம் சென்னை மீனம்பாக்கத்தில், விமான நிலையத்துக்கு எதிர்ச் சாலையில் இருந்தது. வெளிநாட்டுக்குத் தத்துப் போகும் குழந்தைகளை மட்டும் அங்கே பரிசோதிப்பார்கள். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் அப்படிப் போன ஒரு குழந்தையோடு ஒரு காய்ச்சலும் சேர்ந்து விமானம் ஏறியது. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. போய் இறங்கிய ஊரில் நாற்பத்தொரு பேர் செத்தார்கள். அதற்குப் பிறகு தத்தெடுக்கும் நாடுகளெல்லாம் ஒன்றுகூடி ஒரு விதி போட்டன. ரத்தத்தின் முழு வரலாறு இல்லாமல் எந்தக் குழந்தையும் உள்ளே வர முடியாது.

முழு வரலாறு என்றால் முழு வரலாறுதான். ஐந்து மில்லி ரத்தம் போதும். பிறந்ததிலிருந்து அந்த உடம்பு எந்தெந்தக் கிருமியோடு சண்டை போட்டது, எந்த மாதம், எந்த ஊர்க் கிருமியோடு என்று கருவி எழுதிக் கொடுத்துவிடும். மூன்று பக்கம் வரும். முதல் பக்கத்தில் இப்போது இருக்கும் நோய்கள், இரண்டாம் பக்கத்தில் போட்ட தடுப்பூசிகள், மூன்றாம் பக்கத்தில் பழைய கதை முழுவதும். அந்த மூன்றாம் பக்கம் பூட்டியிருக்கும். ஒருவருடைய பழைய கதை அவருக்கே சொந்தம் என்றது சட்டம். தொற்று எங்கிருந்து வந்தது என்று தேடும்போது மட்டும் டாக்டர் தன் சாவியைப் போட்டுத் திறக்கலாம். மையத்தில் எல்லாரும் அதை ஜாதகம் என்றுதான் சொல்வார்கள். இந்த வேலைக்கு வந்த ஒன்பது வருடத்தில் நஸ்ரின் பதினேழு ஜாதகங்களைத்தான் திறந்திருந்தாள்.

பதினெட்டாவதாக அமுதினியுடையதைத் திறந்த அன்று மாலை, பரிசோதனைக் கூடத்திலிருந்து ஜெபின் வந்து கதவைத் தட்டினான். நாகர்கோவில் பையன் என்று எல்லாரும் சொன்னாலும் அவனுக்கு முப்பத்தாறு வயது, இரண்டு பிள்ளைகள்.

"மேடம், சாம்பிள் மாறிப்போச்சுன்னு நெனைக்கேன்."

"ஏன்?"

"ஃபைல்ல என்ன போட்டிருக்கு? பொறந்து பத்தாம் நாள் சேலத்துல அரசாங்கத் தொட்டில்ல கெடந்த பிள்ளை. அன்னையிலேர்ந்து அந்த இல்லத்த விட்டு வெளிய போனதே இல்ல. அப்படித்தானே?" தாளை மேசையில் விரித்தான். "ஆனா சேலத்துக் கிருமி எல்லாமே கடைசி ஒண்ணரை வருசத்துக்குள்ளதான் வருது. அதுக்கு முன்னால ரெண்டரை வருசம் முழுக்கக் கடற்கரை. உப்புத் தண்ணில வர்ற வயித்துக் கிருமி, வேதாரண்யம் பக்கத்தது. அப்புறம் இதப் பாருங்க."

நஸ்ரின் பார்த்தாள். ஒன்றே முக்கால் வருடத்துக்கு முன்னால் புயல் அடித்தபோது நிவாரண முகாம்களில் ஒரு காய்ச்சல் வந்தது. மூன்று தாலுகாக்களில், நான்கே வாரம். அதற்கு முன்னும் பின்னும் அது உலகத்தில் எங்கேயும் இல்லை. அது அமுதினியின் ரத்தத்தில் இருந்தது.

"திரும்ப ஓட்டு."

"ஓட்டிட்டுத்தான் வாறேன். புது சாம்பிள் எடுத்து. அதேதான்."

பயிற்சிக்கு வரும் மாணவர்களிடம் ஒவ்வொரு வருடமும் அவள் சொல்வது ஒன்று உண்டு. மனுஷங்களுக்கு மாதிரியே கிருமிக்கும் ஊர்ப்பேச்சு இருக்கு, வாயைத் திறந்தா எந்த ஊர்னு தெரிஞ்சுடும். மாணவர்கள் சிரிப்பார்கள்.

"காசநோய்க் கிருமி எந்த ஊர்?" என்று கேட்டாள்.

"அதுவும் அந்தப் பக்கந்தான். சாதா மருந்து கேக்காத வகை. இதுவரைக்கும் நாலு நோயாளிங்ககிட்டதான் இதே கிருமி கெடைச்சிருக்கு. மூணு ஆம்பள, ஒரு பொம்பள."

பதிவேட்டில் அந்தப் பெண்ணின் பக்கத்தை நஸ்ரினே தேடி எடுத்தாள். பெயர் வேம்பு. வயது இருபத்தாறு. உப்பளத் தொழிலாளி. கணவன் புயலில் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. மருத்துவமனையில் பத்து மாதம். குணமாகி வீடு போய் எட்டு மாதம் ஆகிறது. வீட்டில் உடன் வசிப்போர் என்ற இடத்தில், பெண் குழந்தை ஒன்று, இரண்டரை வயது என்று இருந்தது. அதன் எதிரே யாரோ ஒரு செவிலியர் எழுதியிருந்தார்: பரிசோதனைக்கு வரவில்லை. இருப்பிடம் தெரியவில்லை.

இல்லத்துக்கு அவள் போன் செய்த மறுநாள் காலை, அதன் தலைவர் தயானந்தன் நேரிலேயே வந்துவிட்டார். அறுபது வயது, வெள்ளைச் சட்டை, மெதுவான பேச்சு. கையோடு ஒரு கூடை மல்கோவா கொண்டுவந்து வாசல் பக்கத்து நாற்காலியில் வைத்தார்.

"கருவி தப்பா சொல்லாதா மேடம்?"

"சொல்லலாம். அதனாலதான் ரெண்டு தடவை பாத்தோம்."

"தொட்டில் ரசீது இருக்கு. போலீஸ் சான்றிதழ் இருக்கு. கோர்ட் ஆர்டரே இருக்கு."

"இருக்கு. நானும் பாத்தேன்."

தயானந்தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி. ஒரு பேச்சுக்கு, கருவி சொல்றது நெசம்னே வச்சுக்குவோம். அம்மாக்காரி உப்பளத்துல கூலி. நெஞ்சு பூரா ஓட்டை. நாளைக்கு அவ போயிட்டா இந்தப் பொண்ணு எங்க போகும்? அதே உப்பளத்துல போய் நிக்கும். அங்க ரெண்டு பேர் ரூம் கட்டி, கட்டில் வாங்கிப் போட்டுக் காத்திருக்காங்க. இதுல யாருக்கு என்ன நஷ்டம், சொல்லுங்க. மூணாம் பக்கத்தத் திறந்தே ஆகணும்னு உங்கள யாரும் கட்டாயப்படுத்தலையே."

"திறந்துட்டேன் சார்," என்றாள் நஸ்ரின். "இன்னொண்ணு. உப்பளம்னு நான் போன்ல சொல்லல."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். மாம்பழக் கூடையை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்.

வேதாரண்யத்துக்குத் தெற்கே கண்ணுக்கு எட்டிய வரை பாத்திகள். வெயில் உப்பில் பட்டு முகத்தில் அடித்தது. மேஸ்திரியிடம் சொல்லி வேம்புவைக் கரைக்கு வரவழைத்தாள் நஸ்ரின். ஒல்லியான பெண். கால்விரல் இடுக்கெல்லாம் வெடித்திருந்தது. மருத்துவமனையிலிருந்து யாரோ வந்திருக்கிறார்கள் என்றதும் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

"நான் மாத்திரை எல்லாம் முடிச்சிட்டேங்க. எதுக்கு இப்ப?"

"உங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா. உங்க வீட்டுல ஒரு பொண்ணு இருந்ததா எழுதியிருக்கு. அந்தப் பிள்ளைக்கு டெஸ்ட் எடுக்கலைன்னு இருக்கு."

"அவ இல்லீங்க," என்றாள் வேம்பு. பலமுறை சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன குரல். "செத்துட்டா. அம்மை போட்டு."

"என்ன அம்மை?"

"தட்டம்மைன்னாங்க. முத்துமாரின்னு பேரு வச்சேன். அந்தப் பேர வச்சும் அம்மையிலதான் போனா."

ஷெட்டின் நிழலில் உட்கார்ந்து அவள் சொன்னாள். முகாமில் இருக்கும்போது ரத்தமாக இருமினாள். ஆம்புலன்ஸ் வந்தது. பிள்ளையை ஆஸ்பத்திரியில் சேர்க்க மாட்டோம், ஒட்டிக்கொள்ளும் என்றார்கள். அக்கா தங்கை யாரும் இல்லை. முகாமில் சோறு போட வந்த ஒரு பெண், நீ நல்லாகி வரும்வரை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், சேலத்தில் நல்ல இடம் இருக்கிறது என்றாள்.

"மிஷின்ல வெரல் வைக்கச் சொன்னுச்சு. வச்சேன். அப்பறம் ஆஸ்பத்திரிலேர்ந்து வந்து, பஸ்ஸு புடிச்சு சேலம் போனேன். அவ போயி மூணு மாசம் ஆச்சும்மான்னாங்க. எடத்தக் காட்டுனாங்க. பால் ஊத்திட்டு வந்தேன்."

"அவ போட்டோ இருக்கா?"

போனில் ஒரே ஒரு படம் இருந்தது. கன்னம் கொஞ்சம் உப்பலாக, அதே கண். நஸ்ரினுக்கு அந்தப் படம் தேவைப்படவில்லை. ஆனாலும் பார்த்தாள்.

"வேம்பு, நான் சொல்றத நிதானமாக் கேளுங்க. உங்க பொண்ணுக்குத் தட்டம்மை வரவே இல்ல."

"காட்டுனாங்களே."

"ஒருத்தருக்குத் தட்டம்மை வந்தா, சாகற வரைக்கும் ரத்தத்துல தடம் இருக்கும். அவ ரத்தத்துல இல்ல. தடுப்பூசி போட்ட தடம் மட்டுந்தான் இருக்கு. அஞ்சு நாளைக்கு முன்னால நானே அவ கையில ஊசி போட்டு எடுத்த ரத்தம்மா அது."

வேம்பு அழவில்லை. வாயை மூடியிருந்த தலைப்பை எடுத்தாள். உப்பு அப்பிய தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சாப்பிடுறாளா?" என்று கேட்டாள்.

"நல்லா சாப்பிடுறா."

மேஸ்திரி இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போனான். நஸ்ரின் எழுந்து காருக்குப் போகும்போதுதான் பின்னாலேயே வந்து, கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அப்ப நான் பால் ஊத்துனனே, அது யாரு புள்ள?"

அது யார் என்று பின்னாலும் தெரியவரவில்லை.

சென்னைக்குத் திரும்பி, தம்பதியைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள். குழந்தையை ஜெபின் கீழே மீன்தொட்டி பார்க்கக் கூட்டிக்கொண்டு போயிருந்தான். அவள் சொல்லி முடிக்கும்வரை கேதீஸ்வரன் மேசையின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தாய் உயிரோட இருக்கிறா எண்டால் வேற கதையே இல்லை," என்றான் கடைசியில். "விளங்குது டொக்டர்."

"உங்களுக்கு விளங்கும்," என்றாள் தர்மினி. அவனைப் பார்க்காமல் நஸ்ரினைப் பார்த்தே பேசினாள். "எனக்கும் விளங்குது. ஆனா ஒண்டு கேக்கிறன். இனி இந்தப் பிள்ளை எங்க போகும்? இண்டைக்கே தாயிட்டப் போகுமோ?"

"இல்ல. கேஸ் முடியற வரைக்கும் அரசாங்க விடுதியில இருக்கும்."

"எவ்வளவு காலம்?"

"தெரியல."

"என்னை அம்மா எண்டு கூப்பிட வச்சிட்டன். இப்ப நானும் விட்டுட்டுப் போறன். அது என்ன நினைக்கும்?" அவள் எழுந்தாள். "நீங்கள் பிழை செய்தனீங்கள் எண்டு சொல்லேல்லை. ஆனா நீங்கள் அதைத் திறக்காமல் விட்டிருக்கலாம். என்ர மனசில இருக்கிறதைச் சொல்லிப்போட்டன்."

வெள்ளிக்கிழமை அவர்கள் இரண்டு பேராகவே விமானம் ஏறினார்கள். தத்துப் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடும்படி ஒரு மாதம் கழித்து பெர்கனிலிருந்து கடிதம் வந்தது.

வழக்கு பதினான்கு மாதம் நடந்தது. வேம்புதான் தாய் என்பது மரபணுச் சோதனையில் ஒரே வாரத்தில் தெரிந்துவிட்டது. மீதி மாதங்களெல்லாம் அவள் நோய் முற்றிலும் தீர்ந்ததற்குச் சான்று, வீட்டுக்குக் கூரை இருப்பதற்குச் சான்று, வருமானத்துக்குச் சான்று என்று போயின. தயானந்தன் தரப்பில், எல்லாம் முகாமில் வேலை பார்த்த பெண் செய்த ஏமாற்று, இல்லத்துக்கு ஒன்றும் தெரியாது என்றார்கள். அந்தப் பெண்ணுக்கு மூன்று வருடம் கிடைத்தது. இல்லத்தை மூடினார்கள். தயானந்தன் வெளியே வந்துவிட்டார்.

நஸ்ரின் ஒரு நாள் முழுவதும் சாட்சி சொன்னாள். தயானந்தனின் வக்கீல் மரியாதையான ஒரு பெண்மணி. கருவியை நம்ப முடியாது என்று அவர் வாதாடுவார் என நஸ்ரின் எதிர்பார்த்திருந்தாள். அவர் வாதாடவே இல்லை. தெரிந்துகொள்ள ஆசைப்படும் மாணவியைப் போல் ஒவ்வொன்றாகக் கேட்டார். இந்தத் தடங்கள் எப்படி விழுகின்றன? பிறந்த குழந்தையின் ரத்தத்திலும் ஊர் தெரியுமா? தெரியும், ஆனால் அது தாயின் தடம், தொப்புள்கொடி வழியாக வந்தது என்றாள் நஸ்ரின். அது எவ்வளவு காலம் இருக்கும்? ஒரு வருடத்துக்குள் அழிந்துவிடும். அதற்குப் பிறகு? குழந்தைக்குத் தானாக வரும் சளி, காய்ச்சல்தான் தடமாக விழும். ஒன்றுமே வராவிட்டால்? வராமல் இருக்காது, யாராவது தூக்குவார்கள், கொஞ்சுவார்கள், பக்கத்தில் தும்முவார்கள். நன்றி டாக்டர் என்று சொல்லிவிட்டு வக்கீல் உட்கார்ந்தார். தெளிவாக விளக்கியதற்காக நீதிபதியும் பாராட்டினார்.

பிள்ளையை ஒப்படைத்த நாளில் நஸ்ரினும் போயிருந்தாள். ஐந்து வயது முடிந்திருந்த குழந்தை விடுதி வராந்தாவில் நின்று வேம்புவைப் பார்த்தது. பிறகு நஸ்ரினைப் பார்த்து, "இந்த ஆன்ட்டி கூடவா போகணும்?" என்று கேட்டது. விடுதிக்காரம்மா, அம்மான்னு சொல்லு என்று அதட்டினார்.

"வேணாங்க," என்றாள் வேம்பு. "ஆன்ட்டின்னே கூப்புடட்டும்." குழந்தையின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, அது கையைக் கொடுக்கும்வரை காத்து நின்றாள். அது கொடுக்கவில்லை. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பக்கத்தில் நடந்து போனது, அவ்வளவுதான். அதுவே நஸ்ரினுக்குப் போதுமாக இருந்தது. இந்த வேலையில் ஒருமுறையாவது சரியாக ஒன்று செய்தோம் என்று அன்று நினைத்துக்கொண்டாள்.

இரண்டு வருடம் போயிற்று. ஒரு புதன்கிழமை காலை ஜெபின் ஃபைலோடு வந்தான்.

"மேடம், முதல் பக்கம் சுத்தம். ஆனா மூணாம் பக்கத்து உறையப் பாருங்க."

பூட்டிய பக்கத்தின் உறைமேல், உள்ளே எத்தனை பதிவுகள் இருக்கின்றன என்ற எண்ணிக்கை மட்டும் இருக்கும். சாதாரணமாக ஒரு வயதுக் குழந்தைக்கே பத்து, பன்னிரண்டு இருக்கும். இதில் பூஜ்யம் என்று இருந்தது. பதினான்கு மாதப் பெண் குழந்தை. தடுப்பூசிகள் எல்லாமே கடைசி ஐந்து வாரத்தில் போட்டவை.

நோயெதிர்ப்புக் குறைபாடாக இருக்குமோ என்று முதலில் பயந்தாள். அதற்கான பரிசோதனைகளைச் செய்தாள். உடம்பில் ஒரு குறையும் இல்லை. தடுப்பூசிகள் நன்றாகவே பிடித்திருந்தன. அப்புறம் குழந்தையைத் தூக்கி மேசைமேல் உட்காரவைத்துப் பார்த்தாள். தூக்கும்போது அது கழுத்தைக் கட்டவில்லை. விறைப்பாக, பலகை மாதிரி வந்தது. முகத்தைப் பார்க்காமல் மேலே விளக்கைப் பார்த்தது. உடம்பில் ஒரு கொசுக்கடித் தழும்பு இல்லை. பின்தலை தட்டையாக இருந்தது. நாள் முழுவதும், மாதக்கணக்கில், மல்லாக்கப் படுத்தே கிடந்த தலை.

"அழவே இல்ல மேடம். ஊசி போடும்போதுகூட," என்றான் ஜெபின்.

நஸ்ரின் ஃபைலை முதலிலிருந்து படித்தாள். வேறு ஊர், வேறு இல்லம். கடிதத் தாளின் ஓரத்தில் சின்ன எழுத்தில் அறங்காவலர்களின் பெயர்கள் இருந்தன. கடைசியில், ஆலோசகர்: தயானந்தன்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒன்றுமே வராவிட்டால் என்று அந்த வக்கீல் கேட்டதும், தான் சொன்ன பதிலும் வார்த்தை மாறாமல் காதில் கேட்டது. தாயின் தடம் அழியும்வரை ஓர் அறை. முகமூடியும் கையுறையும் போட்ட யாரோ பால்புட்டியைச் சாய்த்து வைத்துவிட்டுப் போகிறார்கள். யாரும் தூக்குவதில்லை. யாரும் கொஞ்சுவதில்லை. பக்கத்தில் யாரும் தும்முவதில்லை. எங்கிருந்து எடுத்தது, யாரிடமிருந்து எடுத்தது என்று இனி எந்தக் கருவியாலும் சொல்ல முடியாது.

அன்று மாலைக்குள் ஜெபினைப் பழைய கணக்கையெல்லாம் எடுக்கச் சொன்னாள். மற்ற டாக்டர்களின் மேசை வழியாகக் கடந்த நான்கு மாதத்தில் போனவர்களில் பதினோரு குழந்தைகள் இப்படி. நான்கு இல்லங்களிலிருந்து. எல்லாரும் வெளிநாடு போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

மேலிடத்துக்கு ஆறு பக்கம் எழுதினாள். இல்லங்களில் சோதனை நடத்தினார்கள். வராந்தாவில் பொம்மைகள், சுவரில் யானை, முயல். அறைகள் மிகச் சுத்தம். ஒன்பது நாளில் பதில் வந்தது. குழந்தை நோயின்றி இருப்பது புகாருக்குரிய காரணம் ஆகாது. விதிகளின்படி சான்றிதழ் வழங்கலாம். வழங்க மறுத்தால் குழந்தையை உரிய இல்லத்திலேயே திரும்ப ஒப்படைக்க வேண்டும்.

"என்ன செய்யப் போறீங்க மேடம்?" என்று கேட்டான் ஜெபின்.

"கையெழுத்துப் போடலன்னா எங்க போவா?"

ஜெபின் மேலிடத்துக் கடிதத்தின் கடைசி வரியை விரலால் தொட்டுக் காட்டினான்.

"போட்டா, அடுத்ததும் இப்படியே வரும்," என்றாள்.

"அது எப்படியும் வரும் மேடம்."

அவளுக்கு ஐம்பத்தைந்து வயது. இருபத்தெட்டு வருடத்தில் எத்தனையோ குழந்தைகளின் இறப்புச் சான்றிதழில் கையெழுத்திட்டிருக்கிறாள். இந்தச் சான்றிதழை இழுத்து வைத்துக் கையெழுத்திட்டாள். தேதியைத் தப்பாகப் போட்டு அடித்து மறுபடி எழுதினாள்.

வெளியே பிரான்சிலிருந்து வந்த தம்பதி காத்திருந்தார்கள். கணவன் புதுச்சேரியில் வளர்ந்தவன். மனைவிக்குத் தமிழ் கொஞ்சம் கொஞ்சம் வரும். இதற்காகவே இரண்டு வருடம் படித்தாளாம். அவள் அறைக்குள் வராமல் கதவோரமாகவே நின்றாள். கண் சிவந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். முகமூடியை இரண்டு அடுக்காகப் போட்டிருந்தாள். விமானத்தில் வரும்போது சளி பிடித்துவிட்டது, நான்கு நாள் தள்ளி நின்று பார்க்கலாமா, குழந்தைக்கு ஒட்டிக்கொள்ளும் இல்லையா என்று சொற்களைத் தேடித் தேடிக் கேட்டாள்.

இந்த மையத்தில் நஸ்ரின் பல நூறு பேருக்குச் சொல்லியிருக்கும் பதில் ஒன்று உண்டு. சளி இருந்தால் கிட்டே போகாதீர்கள், கையைக் கழுவுங்கள், காத்திருங்கள்.

குழந்தை மேசைமேல் விளக்கைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது.

"வேண்டாம்மா," என்றாள் நஸ்ரின். "அந்த முகமூடியையும் கழட்டிடுங்க. வந்து தூக்குங்க."